குவியல் முழுமையாகாது

நம் நாட்டு நகரங்களின் கடைவீடுகளைப் பார்த்தவாறு நடந்தால், மாடிப்படி ஓரங்களில் ஒரு புதுவகைப் பெயர்ப்பலகை கண்ணிற்படும். 'முழுமை நல மையம்' என்று தலைப்பு இருக்கும். அதன் கீழே ஆஸ்டியோபதி, அக்குபஞ்சர், கிண்ணச் சிகிச்சை, ஹோமியோபதி, வர்மம், மூலிகை, நறுமண எண்ணெய், யோகம் என்று எட்டுப் பத்து முறைகள் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். ஒரே கட்டணத்தில் மூன்று சிகிச்சைகள் என்னும் சலுகையும் சில இடங்களில் உண்டு. இடுப்புவலியோடு படியேறும் தொழிலாளி, இத்தனை முறைகள் ஒன்றுகூடினால் தன் நோய் ஓடிப்போகும் என்று நம்புகிறான். நம்பிக்கையை விற்பது எளிது. விற்றபின் பொறுப்பேற்பவர் யார் என்பதே என் கேள்வி.

கைவைத்தியத்தை இகழ்வதற்காக நான் இக்கட்டுரையை எழுத முற்படவில்லை. கையால் தொட்டு நோயறியும் கலை மாந்தர்க்குத் தேவை என்று நம்புகிறவன் நான். 'முழுமை' என்னும் நல்ல சொல் நம் கண்முன்னே கெட்டுப்போவதைப் பொறுக்கமாட்டாமல்தான் எழுதுகிறேன். பல முறைகளை ஒரு கூரையின்கீழ் அடுக்கினால் குவியல் கிடைக்கும்; முழுமை கிடைக்காது. நோயாளியின் உடலில் என்னென்ன நிகழ்கின்றன, அவன் என்னென்ன உட்கொள்கிறான், யார் யாரிடம் செல்கிறான் என்பதனைத்தையும் அறிந்த ஒருவராவது இருந்தால்தான் அது முழுமை. அப்படி ஒருவர் இல்லாத இடத்தில் முறைகள் பெருகப் பெருக ஆபத்தும் பெருகும்.

ஆஸ்டியோபதி பிறந்த கதை

அந்தப் பெயர்ப்பலகையின் முதல் வரியில் நிற்கும் ஆஸ்டியோபதியையே எடுத்துக்கொள்வோம். எலும்பு என்றும் துன்பம் என்றும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. அதனைத் தோற்றுவித்த ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1828-ஆம் ஆண்டு அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பிறந்தவர். உள்நாட்டுப் போரில் மருத்துவப் பணியாற்றியவர். 1864-ஆம் ஆண்டு மூளை உறைக் காய்ச்சல் அவருடைய பிள்ளைகள் மூவரைக் கொண்டுபோயிற்று. மருத்துவம் கற்றவருக்குத் தம் மக்களைக் காக்க இயலவில்லை. அந்நாளைய மருத்துவர்கள் கையில் இருந்தவை யாவை? பாதரச உப்பு, பேதி மருந்து, குருதியை வடிக்கும் கத்தி, அபின், சாராயம். நோய் கொன்றவர்களோடு மருந்து கொன்றவர்களும் பலர்.

அந்தத் துயரத்திலிருந்துதான் ஸ்டில் தம் கொள்கையை உருவாக்கினார். உடல் ஒரே அமைப்பு. எலும்பும் தசையும் நரம்பும் குருதியோட்டமும் ஒன்றையொன்று சார்ந்தவை. உடலுக்குத் தன்னைத் தானே சீர்செய்துகொள்ளும் ஆற்றல் உண்டு. மருத்துவன் தடைகளை நீக்கினால் போதும் என்றார். 1874-ஆம் ஆண்டு இக்கொள்கையை வெளியிட்டார். 1892-இல் மிசௌரி மாநிலத்தின் கர்க்ஸ்வில் நகரில் ஒரு கல்லூரியை நிறுவினார். பெண்களையும் மாணவராகச் சேர்த்துக்கொண்ட கல்லூரி அது. உடற்கூற்றியலே அங்கே தலைமைப் பாடம். பிணத்தை அறுத்து ஒவ்வோர் எலும்பையும் தசைநாரையும் கையால் உணராதவனுக்கு அங்கே பட்டமில்லை. இன்று வார இறுதி வகுப்பில் சான்றிதழ் பெற்றுச் சுவரில் மாட்டுவோர் இதனைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆயினும் ஸ்டில் பிழையே செய்யாத பெரியவர் அல்லர். தாம் கண்ட ஒரு நல்ல உண்மையை எல்லா நோய்க்கும் திறவுகோலாக்க முனைந்தார். மருந்தை வெறுத்ததோடு அம்மைப்பாலையும் எதிர்த்தார். அந்நாளைய மருந்துகளை அவர் வெறுத்தது நியாயம். பின்னாளில் வந்த நல்ல மருந்துகளையும் அந்த வெறுப்பினாலேயே அளந்திருந்தால் அவருடைய இயக்கம் அழிந்தே போயிருக்கும். மாணவர்கள் அவரினும் அறிவாளிகளாய் இருந்தனர். 1910-ஆம் ஆண்டு ஃபிளெக்ஸ்னர் என்பார் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கை ஆஸ்டியோபதிக் கல்லூரிகளைக் கடுமையாகக் குறைகூறியது. அதன்பின் அக்கல்லூரிகள் தங்களைத் திருத்திக்கொண்டன. மருந்தியலையும் அறுவையையும் பாடமாக ஏற்றன. இன்று அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் ஆஸ்டியோபதிப் பட்டம் பெற்றவர் மருந்தெழுதவும் அறுவை செய்யவும் உரிமையுள்ள முழு மருத்துவர்.

பிரிட்டனில் அத்துறை வேறு வழியில் நடந்தது. 1917-ஆம் ஆண்டு, ஸ்டில்லின் மாணவராகிய ஜான் மார்ட்டின் லிட்டில்ஜான் இலண்டனில் ஒரு பள்ளியை நிறுவினார். அங்கே ஆஸ்டியோபதியர் மருந்தெழுதும் மருத்துவர் அல்லர். எலும்பு, மூட்டு, தசை ஆகியவற்றைக் கையால் சீர்செய்பவர். எனினும் 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு பெறாத எவரும் அப்பெயரைச் சூட்டிக்கொள்ள இயலாது. உலகச் சுகாதார நிறுவனம் 2010-ஆம் ஆண்டு ஒரு வரையறை வெளியிட்டது. மருத்துவப் பின்னணி இல்லாத ஒருவர் ஆஸ்டியோபதி கற்க 4,200 மணி நேரம் வேண்டும். அதில் குறைந்தது 1,000 மணி நேரம் ஆசிரியரின் கண்காணிப்பில் நோயாளிகளோடு பழகியதாக இருக்க வேண்டும் என்பது அது.

இவ்வரலாறு நமக்குக் கற்பிப்பது ஒன்றுண்டு. ஒரு மாற்று மருத்துவம் தன் எல்லையை வரையறுத்துக்கொண்டபோதும், குறைகூறியோரின் சொல்லைக் கேட்டபோதும் வளர்ந்தது. எல்லையற்ற ஆற்றல் தனக்குண்டென்று பேசியபோது தடுமாறியது. நம் கடைவீட்டு மாடிகள் அந்தத் தடுமாற்றத்தை மட்டும் கடன்வாங்கிக்கொண்டு, அந்தக் கல்வியைக் கைவிட்டுவிட்டன.

கையின் ஆற்றலுக்கு அளவு உண்டு

சரி, முறையாகக் கற்றவரின் கை என்ன செய்யும்? அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

1999-ஆம் ஆண்டு 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' ஏட்டில் வெளிவந்த ஆய்வொன்று, இடுப்புவலியுடைய 178 பேரை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவினர்க்கு வழக்கமான மருத்துவம், மற்றவர்க்கு ஆஸ்டியோபதி. வலி குறைந்த அளவு இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் ஆஸ்டியோபதி பெற்றவர்கள் குறைவான மருந்தே உட்கொண்டனர். இது சிறிய செய்தி அன்று. வலிமாத்திரை வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுப்பதை நாம் அறிவோம். 2004-ஆம் ஆண்டு பிரிட்டனில் 1,334 பேரிடம் நடந்த ஆய்வு, முதுகெலும்பைக் கையால் சீர்செய்வதோடு உடற்பயிற்சியும் சேர்ந்தால் மூன்று திங்களில் மிதமான நன்மையும் ஓராண்டில் சிறு நன்மையும் உண்டென்று காட்டியது. 2021-இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வு இன்னும் கண்டிப்பானது. 400 நோயாளிகளில் ஒரு பாதிக்கு உண்மையான ஆஸ்டியோபதியும் மறுபாதிக்கு மெல்லத் தொடும் பாவனையும் அளித்தனர். உண்மைச் சிகிச்சை சற்றே மேலாயிருந்தது. அவ்வேறுபாடு நோயாளியின் வாழ்வில் உணரத்தக்கதா என்பது ஐயமே என்று ஆய்வாளர்கள் எழுதினர்.

ஆகவே நேர்மையான கணக்கு இதுதான்: இடுப்புவலிக்கு ஓரளவு துணை, மருந்தைக் குறைக்க ஒரு வழி, அற்புதம் எதுவுமில்லை. நீரிழிவை நீக்கும், ஆஸ்துமாவைப் போக்கும், புற்றுநோயைக் கரைக்கும் என்பதற்கெல்லாம் ஆதாரமில்லை. மண்டையோட்டு எலும்புகளின் நுண்ணசைவைக் கையால் உணர்ந்து நோய் தீர்ப்பதாகச் சொல்லும் கிளைமுறைக்கும், ஸ்டில்லின் மாணவர் சதர்லாந்து அதனைத் தொடங்கிய நாள் முதல் இன்றுவரை, உறுதியான சான்று இல்லை.

இணைப்பு என்னும் செய்திக்கு வருவோம். பிரிட்டனின் தேசிய மருத்துவ நெறிமுறை 2016-ஆம் ஆண்டு இடுப்புவலி பற்றிக் கூறியதைக் கவனியுங்கள். கைச் சிகிச்சையைத் தரலாம். ஆனால் உடற்பயிற்சி அடங்கிய திட்டத்தின் ஒரு பகுதியாக மட்டுமே தரவேண்டும் என்றது. அதே நெறிமுறை இடுப்புவலிக்கு அக்குபஞ்சரைத் தரவேண்டா என்றும் கூறிற்று. எதனோடு எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்ப்பதில் பயனில்லை என்று பிரித்தறிவதுதான் இணைப்பு. கையால் தளர்த்திய முதுகை நடையாலும் யோகத்தாலும் வலுப்படுத்துவது நல்ல இணைப்பு. அங்கே ஒன்று மற்றொன்றின் வேலையை முடித்துவைக்கிறது. ஐந்து முறைகளை ஒரே பிற்பகலில் அடுத்தடுத்த அறைகளில் செய்து ஐந்து கட்டணம் வாங்குவது வணிகம்.

உடலுக்குள்ளே சந்திக்கும் மருந்துகள்

என் அண்ணியார் பேராக் மாநிலத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகள் மரம் வெட்டியவர். காண்டாக் கம்பில் பால் வாளிகளைச் சுமந்து தேய்ந்த தோளும் இடுப்பும் அவருடையவை. தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டிற்கு வந்தபின்னும் வலி அவரை விட்டபாடில்லை. அவருக்கு நீரிழிவும் உண்டு. அரசாங்க மருந்தகத்தில் அதற்கு மாத்திரை வாங்கிவந்தார். இரவுச் சந்தையில் மூட்டுவலிக்கென்று விற்ற 'மூலிகை' மாத்திரையையும் விழுங்கிவந்தார். விழுங்கிய மூன்றாம் நாளே வலி மறைந்ததால் அதனைத் தெய்வமாக எண்ணினார். பாகற்காய்ப் பொடி வேறு. பின்னர்ப் பக்கத்து வீட்டார் சொல்லக் கேட்டு, ஒரு முழுமை நல மையத்திற்கும் போகத் தொடங்கினார்.

ஓராண்டில் அவர் முகம் வட்டமாக உப்பியது. சர்க்கரை அளவு ஏறியது. மருந்தகத்தில் மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். யாரும் காரணம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சொன்னால் ஏசுவார்கள் என்ற அச்சம். ஒருநாள் அந்த மையத்தில் முதுகை அழுத்தித் திருகியபோது 'சடக்' என்றது. அது நல்ல ஒலி என்று சொல்லி அனுப்பினார்கள். அன்றிரவு அவரால் படுக்கையிலிருந்து எழ முடியவில்லை. முதுகெலும்புகளில் ஒன்று நொறுங்கி அமிழ்ந்திருப்பதை மருத்துவமனைப் படம் காட்டியது. நெடுநாள் ஸ்டெராய்டு உட்கொண்டதன் அடையாளங்கள் அவர் உடலெங்கும் இருப்பதாக மருத்துவர் கூறினார்.

இதில் எத்தனை கைகள் உண்டு என்று பாருங்கள். மூட்டுவலிக்கான போலி மூலிகை மருந்துகளில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டெராய்டைக் கலப்பது குறித்து நம் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்ப எச்சரித்து வந்திருக்கிறது. அம்மருந்து வீக்கத்தை உடனே அடக்கும். அதனால்தான் மூன்றாம் நாள் வலி மறைகிறது. அது சர்க்கரையை ஏற்றும். அதனால்தான் மருந்தகத்தில் மாத்திரை கூடியது. அது எலும்பை உளுத்துப்போகச் செய்யும். அதனால்தான் ஒரு திருகலில் எலும்பு நொறுங்கியது. நெடுநாள் உட்கொண்டபின் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும். சந்தைக்காரர் எலும்பைப் பார்க்கவில்லை. மருந்தகத்தார் சந்தையைப் பார்க்கவில்லை. மையத்தார் இரண்டையும் பார்க்கவில்லை. மருத்துவம் செய்தவர்கள் ஒருவரையொருவர் சந்திக்கவே இல்லை. அவர்கள் தந்தவை மட்டும் ஒரு கிழவியின் முதுகெலும்பில் சந்தித்துக்கொண்டன.

இது தனியொருவர் கதையன்று. நீரிழிவு மாத்திரையோடு பாகற்காய்ச் சாற்றை மிகுதியாகச் சேர்த்தால் சர்க்கரை மட்டுமீறித் தாழக்கூடும். நரம்பு மரத்துப்போன காலில் சூடான எண்ணெயோ ஒத்தடமோ பட்டால், சுடுவது தெரியாமலே தோல் வெந்துவிடும். குருதி உறையாதிருக்க வார்ஃபரின் உட்கொள்பவரின் உடலை வன்மையாக நீவினாலும் கிண்ணம் வைத்துக் கீறினாலும் குருதி கசியும். கழுத்தை விசையோடு திருப்புவதால், அரிதாக எனினும், மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்ததுண்டு. இவற்றையெல்லாம் கேட்டறியாமல் தொடுகிறவன் எந்த முறையைச் சேர்ந்தவனாயினும் மருத்துவன் ஆகமாட்டான்.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார். நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து அதனைக் கொடுப்பவன் என்பன அவை. நான்கும் ஒன்றோடொன்று பிணைந்தவை. நோய் இன்னதென்றும் அதன் காரணம் இன்னதென்றும் ஆராய்ந்தபின்பே தணிக்கும் வழியைத் தேடச் சொன்னவரும் அவரே. இன்று நம் நோயாளிக்கு மருத்துவர் அறுவர், மருந்து பன்னிரண்டு. உடனிருந்து பார்ப்பவர் எவருமில்லை.

மூவகை மறுப்பாளர்

என் கருத்தை மறுப்போர் மூவகையினர்.

'இயற்கை மருந்தில் கெடுதல் இல்லை' என்பார் முதல் வகையினர். எட்டிக்காயும் இயற்கையே; அரளி விதையும் இயற்கையே. நம் சித்தர்கள் பாதரசத்தையும் கந்தகத்தையும் சுத்தி செய்யாமல் தொடக்கூடாதென்று விதித்தது, இயற்கையில் நஞ்சு உண்டென்று அறிந்ததால்தான். வலிமையுள்ள மருந்துக்குப் பக்கவிளைவும் உண்டு. பக்கவிளைவே இல்லை என்று விளம்பரம் செய்பவர், தம் மருந்துக்கு வலிமையில்லை என்பதையோ, உண்மையை மறைப்பதையோ தம் வாயாலேயே ஒப்புக்கொள்கிறார்.

இரண்டாம் வகையினர் நம் இனப்பற்றாளர். 'ஆஸ்டியோபதி என்ன புதுமை? வர்மமும் தொக்கணமும் நம்மிடம் அன்றே இருந்தன' என்பர். இருந்தன, மறுக்கவில்லை. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பது வகைத் தொக்கணத்தைச் சித்த மருத்துவம் வகுத்திருக்கிறது. வர்மப் புள்ளிகள் 108 என்று ஆசான்கள் எண்ணிவைத்தனர். ஆனால் அந்த ஆசான் தம் மாணவனைப் பல்லாண்டு சோதித்தபின்னரே தொடவிட்டார். பிழையாகத் தொட்டால் ஊறு நேரும் என்பதாலேயே அக்கலையை எளிதில் வெளியிடாது காத்தார். முன்னோர் பெருமையைப் பேசுகிறவன் முன்னோரின் கட்டுப்பாட்டையும் ஏற்க வேண்டும். மேலும், சித்தத்தின் வாத பித்த கபக் கணக்கும் ஸ்டில்லின் உடற்கூற்றுக் கணக்கும் ஒன்றென்று சாதிப்பது இரண்டுக்கும் இழுக்கு. ஒன்றைப் போல் இருப்பதெல்லாம் அதுவே ஆகிவிடாது. வர்மம் ஆஸ்டியோபதிக்குத் தாயுமன்று, ஆஸ்டியோபதி வர்மத்திற்குச் சான்றுமன்று. தனித்தனியே சோதனைக்கு நின்று தத்தம் தகுதியை மெய்ப்பிக்கட்டும்.

மூன்றாம் வகையினர் நம் மேனாட்டு மருத்துவர் சிலர். 'இவையனைத்தும் மூடநம்பிக்கை, தடைசெய்துவிட்டால் தீர்ந்தது' என்பர். இவர்களிடமும் எனக்கு வழக்குண்டு. மக்கள் ஏன் கைவைத்தியரைத் தேடிப் போனார்கள் என்று ஒருநாளேனும் எண்ணினீர்களா? தோட்டத்தில் இடுப்பொடிந்தவனுக்கு அக்காலத்தில் கிடைத்தது 'டிரெஸ்ஸர்' ஊற்றிக்கொடுத்த ஒரே நிறக் கலவை மருந்து. அவன் வலியைத் தொட்டுப் பார்த்தவர்கள் தோட்டத்து எண்ணெய்க்காரக் கிழவரும், 'ஊருட்' அறிந்த மலாய்ப் பாட்டியும், சீன 'சின்சே'யும்தாம். மொழி புரியாவிட்டாலும் கையின் மொழி புரிந்தது. இன்றும் நெரிசலான மருந்தகத்தில் சில நிமிடத்தில் சீட்டெழுதி அனுப்புகிறோம். முதுகைத் தொட்டுப் பார்க்க நேரமில்லாத மருத்துவம், தொட்டுப் பார்ப்பவனைப் பழிப்பதில் பொருளில்லை. என் அண்ணியார் உண்மையை மறைத்ததற்கு அவருடைய அறியாமை பாதிக் காரணம். நம் ஏச்சு மறுபாதிக் காரணம்.

சட்டம் வந்தது, கண்காணிப்பவர் யார்?

நம் நாடு இத்துறையில் பின்தங்கிய நாடு அன்று. 2007-ஆம் ஆண்டு பினாங்கின் கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில் பாரம்பரிய மருத்துவப் பிரிவொன்று தொடங்கப்பெற்றது. அரசாங்க மருத்துவமனைகளில் அதுவே முதல். பிறகு வேறு மருத்துவமனைகளுக்கும் அது பரவியது. போர்ட்டிக்சன் மருத்துவமனையில் ஆயுர்வேதத்தின் சிரோதாராவும் இடம்பெற்றது. அங்கே நோயாளியின் ஏடு ஒன்றே; மருத்துவர் அனுப்பியவரையே பாரம்பரியச் சிகிச்சையாளர் தொடுவார். இணைப்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

2016-ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் வந்தது. மலாய் மருத்துவம், சீன மருத்துவம், இந்திய மருத்துவம், இஸ்லாமிய மருத்துவம், ஹோமியோபதி, கைரோபிராக்டிக், ஆஸ்டியோபதி ஆகிய ஏழு துறைகள் அதன்கீழ் ஏற்பளிக்கப்பட்டன. சித்தமும் ஆஸ்டியோபதியும் ஒரே சட்டத்தின் நிழலில் நிற்பது இந்நாட்டின் தனிச்சிறப்பு. அத்துறைகளில் தொழில் புரிவோர் பதிவுபெற்றிருக்க வேண்டும் என்பது அதன் விதி. 1956-ஆம் ஆண்டின் மருந்து விளம்பரச் சட்டமோ நீரிழிவு, புற்றுநோய், பக்கவாதம் முதலிய 20 நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. பாரம்பரிய மருந்துகளும் பதிவு பெற வேண்டும்; அவற்றின் பதிவெண் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கி 'டி' என்னும் எழுத்தில் முடியும்.

ஆக, சட்டத்திற்குக் குறைவில்லை. ஆனால் சட்டம் ஒவ்வொரு துறைக்கும் தனித்தனியே வாயில் கட்டியிருக்கிறது. துறைகளுக்கிடையே உள்ள முற்றத்தைக் காப்பவர் இல்லை. பதிவு பெற்ற ஆஸ்டியோபதியர் ஒருவரும், பதிவு பெற்ற மூலிகை மருத்துவர் ஒருவரும், பட்டம் பெற்ற மருத்துவர் ஒருவரும் ஒரே நோயாளியை அறியாமல் கெடுக்க இன்றும் இயலும். மூவரும் தனித்தனியே குற்றமற்றவராய் இருப்பர். நோயாளி மட்டும் படுக்கையில் கிடப்பார்.

நாம் கேட்க வேண்டியவை

எனவே நாம் கேட்க வேண்டியவை சில உண்டு.

'முழுமை' என்னும் பெயரைப் பலகையில் எழுதுகிற ஒவ்வொரு மையமும், நோயாளியைத் தொடுமுன் அவர் உட்கொள்ளும் எல்லா மருந்தையும், மூலிகை, பொடி, கஷாயம் உட்பட, எழுதி வாங்க வேண்டும். அந்தத் தாளின் ஒரு படியை நோயாளியிடம் கொடுக்க வேண்டும். எழுதாமல் தொடுகிற கையை மக்கள் நம்பக்கூடாது.

எப்போது தொடக்கூடாது என்பதை அறிந்தவரே தொட வேண்டும். இரவிலும் ஓயாத வலி, காய்ச்சலோடு வரும் முதுகுவலி, காரணமின்றி மெலிதல், முன்பு புற்றுநோய் இருந்தமை, விழுந்தபின் தோன்றிய வலி ஆகியவை இருந்தால் முதலில் மருத்துவமனை. முதுகெலும்பின் காசநோயும் இடுப்புவலி வேடத்தில்தான் வரும். கால் வலுவிழந்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, சிறுநீரை அடக்கவோ கழிக்கவோ இயலாமற்போனாலோ அது அவசரம். ஒருநாள் தாமதமும் நடையைப் பறித்துவிடும். 'என்னால் இயலாது, அங்கே போங்கள்' என்று சொல்லத் தெரிந்தவரே தலைசிறந்த கைவைத்தியர்.

மருத்துவர்கள் ஏசாமல் கேட்க வேண்டும். 'வேறு எங்கேனும் சிகிச்சை பெறுகிறீர்களா? பெற்றால் நல்லதே, சொல்லுங்கள்' என்னும் ஒரு கேள்வி, என் அண்ணியாரின் முதுகெலும்பைக் காத்திருக்கும்.

நம் இயக்கங்களுக்கும் ஏடுகளுக்கும் கடமையுண்டு. எல்லா நோயையும் தீர்க்கும் எண்ணெய்க்கு மலர் முழுவதும் விளம்பரம் வாங்கிக்கொண்டு, அதே மலரில் அறிவியல் விழிப்புணர்வு பற்றித் தலையங்கம் எழுதும் வழக்கத்தை நாம் விட வேண்டும். அந்தச் சில நூறு வெள்ளி எந்த ஏழையின் மருந்துச் செலவிலிருந்து வந்ததென்று எண்ணினால் நமக்கே நாணம் தோன்றும்.

மனித உடல் ஒன்றுதான். அதனைத் துண்டு துண்டாக்கிப் பார்க்கிறார்கள் என்று மேனாட்டு மருத்துவத்தைக் குறைகூறித்தான் முழுமை மருத்துவம் என்னும் இயக்கமே எழுந்தது. அதே உடலை எட்டு அறைகளுக்குப் பங்கிட்டு, எட்டுக் கட்டணம் வாங்கி, எட்டுப் பேரும் ஒருவரோடொருவர் பேசாதிருந்தால், அந்தக் குறையைப் போக்கினோமா, பெருக்கினோமா? பல கைகள் ஒரு நோயாளியைத் தொடலாம், தவறில்லை. அந்தக் கைகள் முதலில் ஒன்றையொன்று தொடட்டும். அதுவரை நம் வீட்டுப் பெரியவர்கள் அந்தப் படியேறும்போது நாமும் உடன் ஏறுவோம். அவர்கள் கைப்பையில் உள்ள மருந்தையெல்லாம் மேசைமேல் கொட்டி, 'இதையெல்லாம் பார்த்தபின் தொடுங்கள்' என்று சொல்வோம். வள்ளுவர் சொன்ன நான்காம் கூறு, உடனிருந்து பார்ப்பவன். அந்த இடம் காலியாகக் கிடக்கிறது. அதனை நிரப்ப எந்தப் பட்டமும் வேண்டியதில்லை.